பிடிக்காத போனும் பிடித்த புத்தகமும்

சிதம்பரம் மேலவீதி. மாலை 6 மணி. ஒரு செல்போன் கடை.

ஒரு தாயும் மகனும் உள்ளே வந்தார்கள். பையனுக்கு 12 வயது இருக்கும். தாயின் கையில் ஒரு பழைய போன். கண்ணாடியின் மூலையில் விரிசல். அதன் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளும் பாதி கிழிந்திருந்தது.

"இதை எடுத்துக்கிட்டு எவ்வளவு தருவீங்க தம்பி?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

கடைக்காரர் போனைப் புரட்டிப் பார்த்தார். "600 ரூபாய் தரலாம் அக்கா. புதுசு 12 ஆயிரத்திலே இருக்கு. மாசத் தவணையிலே கட்டிக்கலாம்."

"இது வாணாம்மா. நின்னு நின்னு போவுது. பசங்க பார்த்தா சிரிக்கிறாங்க" என்றான் பையன்.

அந்த அம்மாள் புதுப் போனை வாங்கிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"புதுசு வாங்கினா புள்ளைக்குப் படிப்பு வருமா தம்பி?"

கடைக்காரர் சிரித்தார். "எல்லாம் வரும் அக்கா."

ரீசார்ஜ் செய்வதற்காக நான் அங்கே நின்று கொண்டிருந்தேன். பஸ் ஏறி என் ஊரான கடலூருக்கு வந்து சேரும் வரை அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

புதுப் போன் வாங்கினால் பிள்ளைக்குப் படிப்பு வருமா? இன்று வீட்டுக்கு வீடு எழுகிற கேள்வி இது. சிரித்து ஒதுக்கக்கூடிய கேள்வி அல்ல. ஒரு குடும்பத்தின் இரண்டு மாத மளிகைப் பணம் இதில் அடங்கியிருக்கிறது. ஒரு பிள்ளையின் எதிர்காலமும் அடங்கியிருக்கிறது.

முதலில் போனைப் பார்ப்போம். பிறகு படிப்பைப் பார்ப்போம்.

ஏன் பிடிக்காமல் போகிறது?

ஒரு போன் பிடிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் நாலு காரணம் சொல்வார்கள். சார்ஜ் நிற்கவில்லை. வேகம் இல்லை. கண்ணாடி உடைந்துவிட்டது. இடம் இல்லை என்று அடிக்கடி சொல்கிறது.

போனுக்குள் இருப்பது லிதியம் பாட்டரி. மின்சாரத்தை ஏற்றி இறக்க, ஏற்றி இறக்க, அதன் சக்தி குறையும். நடக்க நடக்கச் செருப்பு தேய்வது போலத்தான் இதுவும். செருப்பு தேய்ந்தால் செருப்பை மாற்றுகிறோம், காலை மாற்றுவதில்லை. பாட்டரியை மட்டும் மாற்றினால் பல போன்கள் மறுபடி நாள் முழுவதும் நிற்கும்.

வேகம் குறைவதற்கும் ஒரு காரணம் உண்டு. வீட்டுப் பரணில் சாமான் நிரம்பிவிட்டால் ஒரு அண்டாவை எடுப்பதற்கு ஒரு மணி நேரம் ஆகிறது அல்லவா? போனும் அப்படித்தான். காலை வணக்கப் படங்கள், கல்யாண வீடியோக்கள், யாரோ அனுப்பிய சினிமாத் துண்டுகள், இன்னொருவர் அனுப்பிய அதே துண்டுகள். இவற்றை அழித்தால் பாதி நோய் தீரும். வேண்டாத செயலிகளையும் நீக்கினால் இன்னும் கொஞ்சம் தீரும்.

கண்ணாடியை மாற்றலாம். ஆனால் முதலில் இரண்டு கடைகளில் விலை கேளுங்கள். போனின் மதிப்பில் பாதிக்கு மேல் செலவு என்றால் யோசிக்க வேண்டும்.

"பசங்க சிரிக்கிறாங்க" என்றானே பையன், அதற்கு எந்தக் கடையிலும் உதிரிப் பாகம் கிடையாது. இன்று 12 ஆயிரத்துக்கு வாங்கினால், நாளை 20 ஆயிரம் ரூபாய்ப் போன் வைத்திருப்பவன் சிரிப்பான்.

எப்போது மாற்றத்தான் வேண்டும்?

பழைய போனையே கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மாற்ற வேண்டிய நேரமும் உண்டு.

போனுக்குள் ஓர் இயங்குமுறை இருக்கிறது. பல போன்களில் அதன் பெயர் ஆண்ட்ராய்டு. அதில் திருடர்கள் நுழையக்கூடிய ஓட்டைகள் அவ்வப்போது தெரியவரும். தயாரித்த கம்பெனி அந்த ஓட்டைகளை அடைத்து, புதிய பதிப்பை அனுப்பும். சில ஆண்டுகள் கழித்து அனுப்புவதை நிறுத்திவிடும். அதன் பிறகு அந்தப் போன் பூட்டுப் பழுதான வீடு போல. அதில் பாங்கிக் கணக்கும் பணம் அனுப்பும் செயலியும் வைத்திருப்பது ஆபத்து.

செயலிகளும் பழைய போனைக் கைவிடும். 2025 ஜனவரி 1 முதல் ஆண்ட்ராய்டு 4 உள்ள போன்களில் வாட்ஸ்அப் வேலை செய்யாது என்று அந்தக் கம்பெனி நிறுத்திவிட்டது. பள்ளிக்கூடச் செய்தியே வாட்ஸ்அப்பில் வருகிற காலத்தில், இது பெரிய இடைஞ்சல்தான்.

ஐரோப்பாவில் இதற்கு ஒரு சட்டம் கொண்டு வந்திருக்கிறார்கள். 2025 ஜூன் 20 முதல் அங்கே புதிதாகச் சந்தைக்கு வரும் போன்களுக்கு அது பொருந்தும். ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டுகள் உதிரிப் பாகம் கிடைக்க வேண்டும். 5 ஆண்டுகளாவது இயங்குமுறையைப் புதுப்பித்துத் தர வேண்டும். 800 தடவை சார்ஜ் ஏற்றிய பிறகும் பாட்டரியில் நூற்றுக்கு 80 பங்கு சக்தி நிற்க வேண்டும்.

நம் நாட்டில் மத்திய அரசு 2022 டிசம்பரில் 'பழுது பார்க்கும் உரிமை' என்ற இணையதளத்தைத் தொடங்கியது. பொருள்களைப் பழுது பார்க்கும் விவரங்களைக் கம்பெனிகள் அதில் தருகின்றன. ஐரோப்பாவில் உள்ளது போன்ற கட்டாயச் சட்டம் நமக்கும் வந்தால், ஏழைக் குடும்பங்களுக்குத்தான் அதிக லாபம்.

விலையில் என்ன இருக்கிறது?

செல்போனுக்கு 2020 ஏப்ரல் முதல் ஜி.எஸ்.டி. வரி 18 சதவீதம். 12 ஆயிரம் ரூபாய்ப் போனில் சுமார் 1,830 ரூபாய் வரியாகவே போகிறது. அச்சிட்ட புத்தகத்துக்கு இந்த வரி கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு செய்தி. போனுக்குள் நினைவுச் சில்லு என்ற பாகம் இருக்கிறது. உலகம் எங்கும் செயற்கை நுண்ணறிவுக்காகப் பெரிய பெரிய கம்ப்யூட்டர் கூடங்கள் கட்டுகிறார்கள். அவற்றுக்கும் நினைவுச் சில்லுகள் வேண்டும். அவர்கள் வாங்கிக் குவித்ததால், 2025-ம் ஆண்டின் இறுதியில் சில்லு விலை வேகமாக ஏறியது. அந்தச் சுமை போன் வாங்குகிறவர் தலையிலும் வந்து விழுகிறது. எங்கேயோ அமெரிக்காவில் கட்டுகிற கட்டடம், சிதம்பரம் மேலவீதியில் ஒரு தாயின் முந்தானை முடிச்சை இறுக்குகிறது!

ஆகவே, போன் வாங்குவது இன்று லேசான காரியம் அல்ல. வாங்குவதற்கு முன் "எதற்கு?" என்று கேட்க வேண்டும். பிள்ளையின் படிப்புக்கு என்றால், படிப்பைப் பற்றி விசாரிக்க வேண்டும்.

263 கோடி சொற்கள்

கொரோனா நோயினால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. 1 முதல் 8-ம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள் மறுபடி பள்ளிக்குப் போனது 2021 நவம்பர் 1-ந் தேதிதான். ஒன்றரை ஆண்டுக்கு மேல் வகுப்பறை இல்லை. படித்த எழுத்தும் பலருக்கு மறந்துவிட்டது.

அப்போது தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது. 2021 அக்டோபரில் மரக்காணம் அருகே தொடக்க விழா நடந்தது. முதலில் எடுத்துக்கொண்ட 12 மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. தெருவில் உள்ள படித்த பெண்களும் இளைஞர்களும் தன்னார்வலர்களாக வந்தார்கள். திண்ணையிலும், கோவில் மண்டபத்திலும், வீட்டு வாசலிலும் மாலை வகுப்பு நடந்தது.

2022 ஜூன் 1 முதல் 12 வரை அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு 'வாசிப்பு மாரத்தான்' வைத்தார்கள். கூகுள் கம்பெனியின் 'ரீட் அலாங்' என்ற செயலியில் கதை படிக்க வேண்டும். அவ்வளவுதான் போட்டி.

அது எப்படி வேலை செய்தது? போனில் ஒரு சின்னக் கதை படத்துடன் வரும். 'தியா' என்ற சித்திரப் பெண் ஒருத்தி நிற்பாள். பிள்ளை உரக்கப் படிக்க வேண்டும். போன் காது கொடுத்துக் கேட்கும். சொல்லைச் சரியாகப் படித்தால் பாராட்டும், நட்சத்திரம் தரும். திணறினால் அந்தச் சொல்லைத் தொடலாம்; தியா சொல்லித் தருவாள். கதையை ஒரு முறை இறக்கி வைத்துக்கொண்டால், பிறகு இணையம் வேண்டியதில்லை.

12 நாளில் 18 லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் படித்தார்கள். அவர்கள் சரியாகப் படித்த சொற்கள் 263 கோடி!

பெரிய கணக்காகத் தோன்றுகிறதா? வகுத்துப் பாருங்கள். ஒரு பிள்ளைக்குச் சராசரி 1,400 சொற்களுக்குச் சற்று அதிகம். ஒரு நாளைக்கு 120 சொற்கள். ஏறக்குறைய 15 வரி!

இதைத்தான் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். நாளுக்கு 15 வரி படிப்பதற்கு 12 ஆயிரம் ரூபாய்ப் போன் தேவை இல்லை. அன்று அந்தப் பிள்ளைகள் படித்தது பெற்றோர்கள், தன்னார்வலர்கள் கையில் இருந்த சாதாரணப் போன்களில்தான்.

பிள்ளைகளை இழுத்தது எது? யாரும் அடிக்கவில்லை. மார்க்கு போடவில்லை. தப்பாகப் படித்தால் பெஞ்சு மேல் ஏறி நிற்கச் சொல்லவில்லை. கதை இருந்தது, கேட்பதற்கு ஒரு ஆள் இருந்தது. படிப்பு விளையாட்டு ஆகிவிட்டது.

போன் உண்டு; படிப்பு?

கிராமப்புறப் பிள்ளைகளைப் பற்றி 'ஏசர்' என்ற ஆய்வை இந்தியா முழுவதும் நடத்துகிறார்கள். 2024-ல் நடந்த ஆய்வின் முடிவு 2025 ஜனவரியில் வெளிவந்தது.

14 முதல் 16 வயது வரை உள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு 82 பேருக்கு ஸ்மார்ட்போன் கையாளத் தெரிகிறது. அப்படித் தெரிந்தவர்களில் நூற்றுக்கு 57 பேர் ஆய்வுக்கு முந்தைய வாரத்தில் படிப்புக்காகப் போனைப் பயன்படுத்தினார்கள். சமூக ஊடகங்களுக்குப் பயன்படுத்தியவர்கள் நூற்றுக்கு 76 பேர்.

கணக்குத் தெளிவாக இருக்கிறது. போன் வந்துவிட்டது. போன் வந்த அளவுக்குப் படிப்பு வரவில்லை. வேகமான போன் வாங்கித் தந்தால் வீடியோ வேகமாக ஓடும். வாசிப்பு வேகமாக ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

மாட்டு வண்டியில் வந்த நூலகம்

சிதம்பரத்துக்குத் தெற்கே கொள்ளிடத்தைத் தாண்டினால் சீர்காழி. அங்கே 1892-ல் பிறந்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். இந்திய நூலகத் துறையின் தந்தை என்று அவரைச் சொல்கிறார்கள். 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்துப் புத்தகமாக வெளியிட்டார். புத்தகம் பூட்டி வைப்பதற்கு அல்ல, பயன்படுத்துவதற்கு என்பது முதல் விதி. ஒவ்வொருவருக்கும் அவருக்கு ஏற்ற புத்தகம் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாவது விதி.

அதே 1931-ல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பவர் ஒரு காரியம் செய்தார். மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். ரெயிலும் பஸ்ஸும் போகாத ஊருக்குப் புத்தகம் போயிற்று.

வண்டி புதுசா, பழசா என்று கிராமத்து மக்கள் பார்த்திருப்பார்களா? வண்டியில் என்ன வந்திருக்கிறது என்றுதான் எட்டிப் பார்த்திருப்பார்கள்!

1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் இதுதான் முதல் நூலகச் சட்டம். அதன்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலிக்கிறார்கள். கடலூரில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. ஊர்களில் கிளை நூலகங்கள் இருக்கின்றன. அவை நம் பணத்தில் நடப்பவை. நாம் போகாவிட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

சிதம்பரத்துக்கு இன்னொரு பெருமை உண்டு. ஓலைச்சுவடிகளைத் தேடி அலைந்து பழந்தமிழ் நூல்களை அச்சில் ஏற்றிய உ.வே. சாமிநாதய்யர், 1924 முதல் 1927 வரை இங்கே மீனாட்சி தமிழ்க் கல்லூரித் தலைவராக இருந்தார். ஓலையில் இருந்தது காகிதத்துக்கு வந்தது. காகிதத்தில் இருந்தது இன்று போனுக்கு வந்திருக்கிறது.

1998 பொங்கல் அன்று 'மதுரைத் திட்டம்' தொடங்கியது. பல நாட்டுத் தமிழர்கள் கூலி வாங்காமல் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் வைத்தார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்கள், பழைய பத்திரிகைகள் எல்லாம் இருக்கின்றன. பள்ளிப் பாடப் புத்தகங்களும் இணையத்தில் உண்டு. 2018 முதல் வந்த பாடப் புத்தகங்களில் கறுப்பு வெள்ளைக் கட்டம் ஒன்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் போனின் காமிராவில் காட்டினால் பாடம் விரிகிறது. இவற்றுக்கெல்லாம் காசு கிடையாது.

உங்கள் வீட்டுப் பழைய போன்தான் அந்த மாட்டு வண்டி. அதில் என்ன ஏற்றுகிறீர்கள் என்பதே கேள்வி.

வீட்டில் என்ன செய்யலாம்?

போனைச் சுத்தம் செய்து, வேண்டிய கதைகளையும் நூல்களையும் இறக்கி வையுங்கள். பிறகு 'பிளைட் மோடு' என்ற பொத்தானை அழுத்துங்கள். அழைப்பு வராது. விளம்பரம் வராது. டேட்டா செலவு ஆகாது. போன் அந்த அரை மணி நேரத்துக்குப் புத்தகமாகிவிடும்.

எழுத்துச் சின்னதாக இருந்தால் பெரிதாக்கலாம். போனின் அமைப்புகளில் அதற்கு வழி இருக்கிறது. தாத்தா, பாட்டிக்கும் இது உதவும்.

பிள்ளை உரக்கப் படிக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். இடையில் திருத்திக்கொண்டே இருக்காதீர்கள். கதை முடிந்ததும், "அப்புறம் அந்த நரி என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி, 10 நட்சத்திரத்துக்குச் சமம்.

உங்களுக்கே எழுத்துக் கூட்டித்தான் படிக்க வருகிறதா? வெட்கப்பட வேண்டாம். 2011 கணக்கெடுப்பில் கடலூர் மாவட்டப் பெண்களில் நூற்றுக்கு 70 பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரிந்திருந்தது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்காக 'புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம்' 2022 முதல் நடக்கிறது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் விசாரியுங்கள். பிள்ளையோடு சேர்ந்து தாயும் படித்தால், பிள்ளை இரண்டு மடங்கு உற்சாகமாகப் படிக்கும்.

வாரம் ஒரு நாள் நூலகத்துக்கு அழைத்துப் போங்கள். புத்தகத்துக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டியதில்லை.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால்...

போன் உண்மையிலேயே காலாவதி ஆகிவிட்டதா? மாற்றுங்கள். வாங்கும்போது, "இன்னும் எத்தனை ஆண்டு புதுப்பித்துத் தருவார்கள்?" என்று கேளுங்கள். காமிராவைப் பற்றி அப்புறம் கேட்கலாம்.

பழைய போனை விலைக்கு வாங்குவதானால் எச்சரிக்கை வேண்டும். அது திருட்டுப் போனாக இருக்கலாம். *#06# என்று அழுத்தினால் 15 இலக்க எண் வரும். ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்ற மூன்று எழுத்தை அடித்து, இடம் விட்டு, அந்த எண்ணையும் அடித்து, 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். போனின் விவரம் வரும். அது தடை செய்யப்பட்ட போன் என்றால் தெரிந்துவிடும்.

உங்கள் போனைக் கொடுக்கும்போது, உள்ளே இருப்பதை முழுவதும் அழித்துவிட்டுக் கொடுங்கள். குடும்பப் படமும் பாங்கி விவரமும் அடுத்தவர் கைக்குப் போகக்கூடாது. வீணாய்ப் போன போனைக் குப்பையில் எறியாதீர்கள். அதில் விஷச் சத்துகள் உண்டு. மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

அந்தத் தாய்க்குப் பதில்

மேலவீதிக் கடையில் அந்த அம்மாள் புதுப் போன் வாங்கவில்லை. "அவங்க அப்பாவைக் கேட்டுட்டு வர்றேன் தம்பி" என்று சொல்லிப் பழைய போனை முந்தானையில் துடைத்தார். பையன் முகம் வாடிவிட்டது.

அன்று நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன்.

தாயே! போன் படிப்பைக் கொண்டு வராது. புதுசும் கொண்டு வராது. பழசும் கொண்டு வராது. ஆனால் படிப்பை ஏற்றி வர, உங்கள் கையில் இருக்கும் அந்த விரிசல் விழுந்த வண்டி போதும். முதலில் பாட்டரியை மாற்றுங்கள். தினம் 15 வரி படிக்கச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். மூன்று மாதம் பாருங்கள். அதன் பிறகும் போன் வேலை செய்யாவிட்டால், மறுபடி மேலவீதிக்கு வாருங்கள்.

அப்போது விலைச்சீட்டில் இருப்பதை உங்கள் மகனையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். மாதத் தவணை எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று அவனே படித்துச் சொல்லட்டும்!